எழுத்தாளருக்குக் கடிதம்: கேட்டவர்களுக்குப் பதில்

கொழும்பில் ஒரு தமிழ் வார இதழின் தபால் மேசையில் 19 வருஷம் இருந்தவன் நான். எழுத்தாளர்கள் பெயருக்கு வரும் கடிதங்களைப் பிரித்து அவரவருக்கு அனுப்புவது என் வேலை. அவர்கள் எழுதிய பதில்கள் பலவும் என் கையால்தான் தபாலில் சேர்ந்தன. நானும் வாசகனாகப் பலருக்கு எழுதியிருக்கிறேன். வந்த பதில்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தை, உயர்தர வகுப்பு மாணவி: ஐயா, எனக்குப் பிடித்த எழுத்தாளருக்கு எழுத ஆசை. எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் மூன்று தரம் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பிள்ளை, கிழித்தது நல்லது. நாலாவதை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். என் மேசைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் "தங்கள் எழுத்துலகப் பணி தொடர" என்று தொடங்கி, பிறகு எழுதுபவரின் சொந்தக் கதைக்குள் போய்விடும். எழுத்தாளர் அதை வாசித்துச் சந்தோஷப்படுவார், மேசையில் வைப்பார், அதற்கு மேல் வேறு கடதாசி ஏறிவிடும். பதில் எழுத அதில் ஒன்றும் இருக்காது.

பதில் வாங்கித் தந்த ஒரு கடிதம் சொல்கிறேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண் எழுதியது, கொப்பித் தாளில் பதினொரு வரி. ஒரு சிறுகதையில் தாய் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறாள், அடுத்த பக்கத்தில் மறுபடியும் அணைக்கிறாள். "முதல்தரம் அணைத்ததை அவள் மறந்தாளா, நீங்கள் மறந்தீர்களா?" இதுதான் கேள்வி. அந்த மனுஷன் அந்த வாரமே பதில் எழுதினார். "நான்தான் மறந்தேன். இனி அவள் மறந்ததாகவே இருக்கட்டும்." நான்தான் முத்திரை ஒட்டினேன், அதனால் தெரியும்.

கதையை எவ்வளவு கவனமாக வாசித்தீர்கள் என்பதை உங்கள் கேள்வியே காட்டிவிடும். ஒரே கேள்வி போதும்.

இன்னொன்று, இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: உங்கள் முகவரியைக் கடிதத்துக்கு உள்ளேயே எழுதுங்கள். உறையில் மட்டும் எழுதினால் போச்சு. எங்கள் அலுவலகத்தில் முத்திரை சேர்க்கிற ஒருவர் இருந்தார். உறை என் கைக்கு வருமுன் மூலையைக் கிழித்து எடுத்துவிடுவார். முகவரி பின்பக்கத்தில் அதே மூலையில் இருந்தால் அதுவும் கூடவே போய்விடும். பதில் எழுதத் தயாராக இருந்த எழுத்தாளர்கள் எத்தனை பேர் முகவரி கேட்டு என்னிடம் வந்து நின்றார்கள், நான் கையை விரித்தேன்.

கொட்டாஞ்சேனை வாசகர்: இன்னாரின் வீட்டு முகவரி தருவீர்களா?

தரமாட்டேன். பதிப்பகத்துக்கு எழுதி, உறையில் அவர் பெயரைப் போடுங்கள். அனுப்பி வைப்பார்கள்.

மட்டக்குளி வாசகர்: எழுதி எட்டு மாதம். பதில் இல்லை. பெரிய ஆட்களுக்கு எங்களைப் போன்றவர்கள் கண்ணில் படமாட்டோமா?

கோபம் விளங்குகிறது. ஆனால் இரண்டு பக்கமும் பாருங்கள். 1963இல் அமெரிக்காவில் 16 வயதுப் பள்ளிப் பையன் ஒருவன், தமிழ்ப்பாட வகுப்பில் எங்களை வாட்டுகிற மாதிரி அவனையும் ஆங்கில வகுப்பில் "இது எதன் குறியீடு" என்று கேட்டு வாட்டியதால், கதையில் குறியீடுகளை வேண்டுமென்று வைக்கிறீர்களா என்று 150 எழுத்தாளர்களுக்கு எழுதிக் கேட்டான். 75 பேர் பதில் போட்டார்கள், அவர்களில் பெரிய பெயர்களும் உண்டு. யாரென்றே தெரியாத பையனுக்குப் பாதிப் பேர்.

மறுபக்கம், நாடகாசிரியர் பெர்னாட் ஷா தன் மறுப்புகளை அட்டையாகவே அச்சடித்து வைத்திருந்தார். எட்மண்ட் வில்சன் என்ற அமெரிக்க விமர்சகரின் அட்டையில் அவர் செய்ய இயலாதவை வரிசையாக இருக்கும். கைப்பிரதி வாசிப்பது, முன்னுரை எழுதுவது, பேச வருவது எல்லாம் அதில் அடக்கம். பொருந்துவதற்கு ஓர் அடையாளம் இட்டுத் தபாலில் போட்டால் வேலை முடிந்தது.

எங்கள் பக்கத்தில், தமிழ்நாட்டு எழுத்தாளர் வல்லிக்கண்ணனும் விமர்சகர் தி.க.சி.யும் முகம் தெரியாத இளம் எழுத்தாளர்களுக்கெல்லாம் அஞ்சலட்டையில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். இங்கே டொமினிக் ஜீவா, 1966இல் யாழ்ப்பாணத்தில் மல்லிகை இதழைத் தொடங்கி, பிறகு கொழும்பிலிருந்து நடத்தியவர், 'தூண்டில்' பகுதியில் வாசகர் கேள்விகளுக்குத் தானே பதில் சொன்னார். ஆளுக்கு ஆள் வேறுபடும். எட்டு மாதம் ஆகிவிட்டதென்றால் இன்னொரு தரம் எழுதுங்கள். உள்ளே முகவரி போட்டீர்களா?

பம்பலப்பிட்டி வாசகி: என் சிறுகதைகளை அவருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்கலாமா?

கேட்காமல் அனுப்பாதீர்கள். முதலில் ஒரு வரி எழுதி, சம்மதித்தால் ஒரேயொரு கதை. எழுத்தாளர் வீட்டில் வாசிக்கப்படாத கதைக்கட்டு போலப் பாரமான சாமான் வேறில்லை. திருப்பி அனுப்பக் காசு, அனுப்பாவிட்டால் பழி.

தெமட்டகொடை வாசகர்: பதில் கிடைக்கட்டும் என்று என் முகவரி எழுதி, முத்திரையும் ஒட்டி ஓர் உறை வைத்துச் சென்னைக்கு அனுப்பினேன். சரிதானே?

மனசு சரி, முத்திரை பிழை. இலங்கை முத்திரை சென்னையில் செல்லாது தம்பி. இதற்கென்றே 1906இல் உலகத் தபால் ஒன்றியம் ஒரு பதில் கூப்பன் ஏற்பாடு செய்தது. பெறுபவர் அதைத் தன் ஊர்த் தபால் கந்தோரில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்வார் என்பதுதான் அந்த ஏற்பாடு. முத்திரை ஒட்டாமல் உங்கள் முகவரி எழுதிய உறையை வையுங்கள், முகவரி எழுதுகிற வேலையாவது அவருக்கு மிச்சம். அல்லது மின்னஞ்சலைக் கொடுங்கள்.

வத்தளை வாசகி: அவர் புத்தகத்தில் ஒரு விஷயம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. திட்டி எழுதலாமா, மரியாதைக் குறைவா?

எழுதுங்கள் அக்கா. கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் இருந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் தெரியும்தானே, 1956 முதல் 2008இல் சாகும்வரை இலங்கைதான் அவருக்கு வீடு. அவர் பெயர் பெறாத காலத்தில், 1943இல், நாவலாசிரியர் சி.எஸ். லூயிஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். விண்வெளிப் பயணம் பற்றிக் கனவு காண்பவர்களை லூயிஸ் தன் நாவலில் தாக்கியிருந்தார், கிளார்க்கோ அந்தக் கனவுக்காரர்களில் ஒருவர். சண்டைக் கடிதம்தான். லூயிஸ் பதில் எழுதினார், பிறகு ஒக்ஸ்போர்டில் சந்தித்தும் வாதாடினார்கள். இருவருமே மசியவில்லை, கடிதமும் நிற்கவில்லை.

பக்க எண்ணைக் குறிப்பிட்டுத் திட்டுங்கள். அவ்வளவுதான்.

கல்கிசை வாசகர்: அப்பாவுக்கு 1978இல் தமிழ்நாட்டு எழுத்தாளர் ஒருவர் எழுதிய நீல ஏரோகிராம் (விமானத் தபால் கடிதம்) கிடைத்தது. மடிப்பில் கிழிகிறது. லாமினேட் செய்து தரலாம் என்று முச்சந்திக் கடைக்காரர் சொல்கிறார்.

வேண்டாம், வேண்டாம், வேண்டாம். லாமினேட் செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது. சூட்டில் மையும் கெடும். செலோடேப்பும் ஒட்டாதீர்கள். என் டின்னில் ஒரு கடிதத்துக்கு நான் அறியாமல் ஒட்டிய டேப், பத்து வருஷத்தில் பிளாஸ்டிக் உரிந்து, பசை மட்டும் மஞ்சள் கோடாக எழுத்தின் மேல் இறங்கிவிட்டது. "அன்புள்ள" இருக்கிறது, அதற்குப் பிறகு என் பெயர் இல்லை.

மடிப்பைத் திறந்து, தட்டையாக வைத்து, ஸ்டேப்பிள் ஊசி இருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். கொழும்புக் கடல்காற்றில் அது துருப்பிடித்துக் கடதாசியைத் தின்னும். அமிலமில்லாத கடதாசியில் சுற்றி, வெளிச் சுவரில் சாயாத அலுமாரியில் வையுங்கள். குறிப்பு எழுதுவதானால் பென்சிலால் மட்டும். முதல் வேலையாக ஸ்கான் எடுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எங்கேயும் பிரதி இல்லாத கடதாசி எவ்வளவு போனது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய தமிழ்ப் புத்தகங்களையும் கடதாசிகளையும் ஸ்கான் எடுத்து இணையத்தில் சேர்க்கிற வேலையைத்தான் நூலகம் நிறுவனம் 2005இலிருந்து செய்கிறது, அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நாரஹேன்பிட்டி வாசகர்: என் நாவலின் கைப்பிரதியை...

மேலே பம்பலப்பிட்டிக்குச் சொன்னதுதான்.

தெஹிவளை வாசகர்: காலமான ஓர் எழுத்தாளர் எனக்கு எழுதிய கடிதத்தை முகநூலில் போட்டேன். அதில் அவர் இன்னொரு எழுத்தாளரைக் கடுமையாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய மகன் எடுக்கச் சொல்கிறார். என் பெயருக்கு வந்த கடிதம், என் சொத்து. ஏன் எடுக்க வேண்டும்?

கடதாசி உங்கள் சொத்து. விற்கலாம், பிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம். வசனம் அவருடையது. இது நேற்று வந்த கதையில்லை. 1741இல் லண்டனில், கவிஞர் போப்பின் கடிதங்களைக் கேட்காமல் அச்சடித்த புத்தக வியாபாரி மேல் நடந்த வழக்கிலேயே அப்படித்தான் தீர்ப்பு. 1987இல் அமெரிக்க நாவலாசிரியர் சாலிஞ்சரின் கடிதங்களை அவர் வாழ்க்கை வரலாற்றில் எடுத்தாண்டதை நியூயோர்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. அக்கடிதங்கள் பல்கலைக்கழக நூலகங்களில் யாரும் போய் வாசிக்கக்கூடிய நிலையில் இருந்தவை, அப்படியிருந்தும். எங்கள் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 வருஷமும் உரிமை அவர் பக்கம். இந்தியாவில் 60.

தெஹிவளை வாசகர்: அப்படியானால் இலக்கிய வரலாறே எழுத முடியாதே!

எழுதலாம். விமர்சனத்துக்கும் ஆய்வுக்கும் அளவோடு மேற்கோள் காட்ட அந்தச் சட்டமே நியாயமான பயன்பாடு என்று இடம் தருகிறது. முழுக் கடிதத்தையும் படம்பிடித்துப் போடுவது ஆய்வா? அதுவும் திட்டுகிற பந்தியைச் சிவப்பு வட்டம் போட்டு? பார்த்தேன் தம்பி.

வத்தளை வாசகி: நான் தெஹிவளை வாசகரின் கட்சி. குடும்பம் அனுமதிக்கும் கடிதம் மட்டும் வந்தால் எல்லா எழுத்தாளரும் உத்தமராகத்தான் இருப்பார்கள். இடைசெவல் நண்பர் கு. அழகிரிசாமி தனக்கு எழுதிய கடிதங்களை எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) பாதுகாத்துப் பதிப்பித்ததால்தானே அந்த நட்பை நாங்கள் அறிகிறோம்?

நல்ல உதாரணம் அக்கா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கி.ரா. அதைச் சண்டை மூட்டப் போடவில்லை. பெற்றவரே கவனமாகத் தொகுப்பது ஒன்று, நூறு லைக்குக்குப் போடுவது வேறு.

கல்கிசை வாசகர்: ஐயா குறை நினைக்கக்கூடாது. போன வருஷம் வெள்ளவத்தையில் ஒரு கூட்டத்தில் உங்களுக்கு வந்த கடிதம் ஒன்றை நீங்களே முழுதாக வாசித்தீர்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அனுமதி எடுத்தீர்களா?

எடுக்கவில்லை.

சரி, பிடித்துவிட்டீர்கள். எழுதியவருக்குப் பிள்ளைகள் இல்லை, யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு அப்படி யோசிக்கவேயில்லை. அந்தக் கடிதத்தில் என்னைப் பற்றி இரண்டு நல்ல வசனம் இருந்தது, அதை நாலு பேர் கேட்கட்டும் என்று வாசித்தேன். அதே மனுஷன் எழுதிய இன்னொரு கடிதம் லாச்சிக்குள் இருக்கிறது, அதில் என் கதை ஒன்றைக் கிழித்திருக்கிறார். அதை எந்தக் கூட்டத்திலும் வாசித்ததில்லை.

வத்தளை வாசகி: அதை முதலில் போடுங்கள் ஐயா!

பார்ப்போம். அடுத்தது.

கிருலப்பனை, ஒரு தாய்: என் எட்டு வயது மகன் சிறுவர் கதை எழுதுபவருக்கு எழுதியிருக்கிறான். எங்கும் எழுத்துப்பிழை. திருத்தி அனுப்பவா?

தொடாதீர்கள். முகவரியை மட்டும் நீங்கள் வடிவாக எழுதுங்கள், உள்ளே. அனுப்புமுன் ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள். இதைப் பெரியவர்களுக்கும் சொல்கிறேன். ரில்கே என்ற ஜெர்மன் மொழிக் கவிஞர் தனக்கு எழுதிய பத்துக் கடிதங்களை கப்புஸ் என்ற இளைஞர் 1929இல் புத்தகமாகப் போட்டார். உலகமே வாசித்தது. ரில்கேயின் கடிதங்கள் மட்டும்தான் அதில். பையன் கேட்டது என்ன என்று பதிலை வைத்து ஊகித்துக்கொண்டே போக வேண்டும். என் டின்னிலும் அதே குறைதான். "நீங்கள் கேட்டது மிகச் சரி" என்று ஒருவர் 1991இல் எழுதியிருக்கிறார். என்ன கேட்டேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

இராஜகிரிய வாசகர்: எழுத்தாளருக்கு என் கவிதைத் தொகுப்பின் கைப்பிரதி அனுப்பலாமா?

மூன்றாவது ஆள். பம்பலப்பிட்டிப் பதில்.

தெஹிவளை வாசகர்: சரி ஐயா, அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். கடிதம் இல்லாமல் உறையை மட்டும் போட்டிருக்கிறேன், அவர் கையெழுத்து வடிவு என்பதற்காக. இதற்கும் ஏதும் சட்டம் இருக்கிறதா?

இதற்கு என்னிடம் சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் பின்பக்கப் படத்தில் அவருடைய வீட்டு முகவரி முழுதாகத் தெரிகிறது, அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் போடுங்கள்.