வாசகசாலையில் மதம் பேசலாமா?

கேள்வி: களியக்காவிளைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாசகசாலை ஆண்டுவிழாவில் 'மதம், மதச்சார்பின்மை, பேச்சுரிமை' என்ற தலைப்பில் பட்டிமன்றம் வைக்கத் தீர்மானித்தோம். நோட்டீஸ் அடிக்கும் முன்பே ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. பெயர் சொல்லாத ஒருவர் போன் பண்ணி, "மைக்கைப் பிடிச்சுப் பாருங்க, கேஸ்ல உள்ளே போவீங்க" என்றார். ஊர்ப் பெரியவர் ஒருவர், "மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ணால கண்டவன் நான். எதுக்கு மக்களே இந்த வம்பு?" என்கிறார். கமிட்டியில் மூன்று மதத்தவரும் இருக்கிறோம், எல்லோருக்கும் தயக்கம். மதத்தை விமர்சித்தால் குற்றமா? நடத்துவதா, விடுவதா? ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். அதில் யாராவது கண்டபடி எழுதினால் என் தலையில் விடியுமா?
– வாசகசாலைச் செயலாளர், விளவங்கோடு வட்டம்

பதில்: தாராளமாக நடத்துங்கள். ஆனால் இந்தத் தலைப்பு வேண்டாம், பட்டிமன்றமும் வேண்டாம். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் கேஸ் பயம். போனில் பேசியவர் மனதில் இருப்பது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய 299-ஆவது பிரிவாகத்தான் இருக்கும். 2024 ஜூலை 1-க்கு முன்பு இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ. 1927-இல் பிரிட்டிஷ் அரசு சேர்த்தது. மூன்று ஆண்டுவரை சிறை. வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது. படித்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் ஒருவரின் மனம் புண்பட்டுவிட்டது என்பது மட்டும் இந்தப் பிரிவுக்குப் போதாது. புண்படுத்தியே தீரவேண்டும் என்ற திட்டமிட்ட, தீய நோக்கம் பேசியவருக்கு இருந்திருக்க வேண்டும். 1957-இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் இந்தப் பிரிவு செல்லும் என்று சொன்ன உச்ச நீதிமன்றமே, தெரியாமலோ கவனக்குறைவாகவோ நேரும் அவமதிப்பு இதற்குள் வராது என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. கிரிக்கெட் வீரர் தோனியை விஷ்ணு வடிவில் ஒரு பத்திரிகை அட்டையில் போட்டதற்காக அனந்தபூரில் அவர்மேல் தொடுக்கப்பட்ட வழக்கு 2017-இல் ரத்தானதும் இந்தக் காரணத்தால்தான்.

இன்னொன்றையும் கமிட்டியில் வாசித்துக் காட்டுங்கள். பேச்சுரிமைக்கு எந்தெந்தக் காரணத்துக்காக வரம்பு போடலாம் என்பதை அரசியலமைப்பின் 19(2) எண்ணிச் சொல்கிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். கடவுள் நிந்தனை அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு கோட்பாட்டை, சடங்கை, புனித நூலின் ஒரு வரியை 'நான் ஏற்கவில்லை' என்று காரணத்தோடு சொல்ல உங்கள் மேடையில் யாருக்கும் உரிமை உண்டு. அதே மேடையில் 'எனக்கு இதில் முழு நம்பிக்கை' என்று சொல்ல 25-ஆவது பிரிவு மற்றவருக்கு உரிமை தருகிறது.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவு வேறு. சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவதைப் பற்றியது அது. உங்கள் கவனம் இருக்கவேண்டியது இங்கேதான், ஏனென்றால் மேடையில் வாய் தவறுவது பெரும்பாலும் கடவுளைப் பற்றிப் பேசும்போதல்ல, பக்கத்துத் தெருக்காரர்களைப் பற்றிப் பேசும்போது.

299, 196 என்ற இந்த இரண்டு பிரிவுகளிலும் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க முடியாது. போலீசுக்கும் ஒரு கடிவாளம் உண்டு. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றங்களில், எப்.ஐ.ஆர். போடும் முன் 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொற்களின் விளைவை அளக்க வேண்டியது திடமான மனமுள்ள நியாயமான மனிதரின் அளவுகோலால், எதற்கெடுத்தாலும் கொதிப்பவரின் அளவுகோலால் அல்ல என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பெரியவரின் பயத்தை வெறும் பயம் என்று நாங்கள் தள்ளமாட்டோம். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து–கிறிஸ்தவக் கலவரம் உங்கள் மாவட்டத்தில் இன்னும் ஆறாத காயம். 2010-இல் கேரளத்தின் தொடுபுழாவில் வேலை பார்த்த கல்லூரி ஆசிரியர் ஒருவரின் கையை, மதத்தை அவமதித்ததாகச் சொல்லப்பட்ட ஒரு கேள்வித்தாளுக்காக மூவாற்றுப்புழாவில் வெட்டினார்கள். அந்தக் கேள்வித்தாளுக்காக அவர்மேல் போட்ட வழக்கிலிருந்து 2013-இல் அவர் விடுபட்டார், அதற்குள் வேலையும் போயிருந்தது. சட்டம் கடைசியில் நம் பக்கம் நிற்கும் என்பது ஒன்று, அதுவரை ஊரில் நிம்மதியாக நடமாடுவது இன்னொன்று. அதனால்தான் தயாரிப்பு இவ்வளவு முக்கியம்.

தலைப்புக்கு வருவோம். 'மதம், மதச்சார்பின்மை, பேச்சுரிமை' என்பது எல்லை இல்லாத மைதானம். பேச வருகிறவர் பத்து நிமிடத்தில் தன் கைவசம் இருக்கும் பழைய கோபத்தை எடுத்துவிடுவார். அரசோ சட்டமோ முடிவெடுக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியைத் தலைப்பாக வையுங்கள். எங்கள் சிபாரிசு: 'அரசுப் பணம் மதக் காரியங்களுக்குப் போகலாமா?'

இதை எடுத்துக்காட்டோடு பேச உங்கள் வட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அரசியலமைப்பின் 290ஏ பிரிவைப் பாருங்கள். 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த பகுதிகளின் கோயில்களுக்காக, தமிழக அரசு தன் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தரவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. கேரள அரசு திருவிதாங்கூர் தேவசம் நிதிக்கு 46 லட்சத்து 50 ஆயிரம். அதாவது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் வட்டத்துக் கோயில்களின் விஷயம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மறுபக்கம் 27-ஆவது பிரிவு, ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. இவை இரண்டும் முட்டுகின்றனவா? பேசட்டும். ஜெருசலேம் பயணத்துக்குத் தமிழக அரசு தரும் மானியம், மானசரோவர், முக்திநாத் பயணங்களுக்குத் தருவது, 2018-இல் மத்திய அரசு நிறுத்திய ஹஜ் மானியம், அரசு உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளிகள் என்று எல்லா வீட்டிலும் ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. யாரும் தனியாகக் கூண்டில் ஏற வேண்டியதில்லை, யாரும் தப்பிக்கவும் முடியாது. நல்ல தலைப்புக்கு இதுதான் அடையாளம்.

இது வேண்டாமென்றால் ஒலிபெருக்கியை எடுங்கள். சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபை தொடர்பான வழக்கில் 2000-ஆம் ஆண்டு, பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கொடை விழா, குருசடி, பள்ளிவாசல் மூன்றையும் தொடும் விஷயம்.

இனி வடிவம். பட்டிமன்றத்தில் கைதட்டலுக்காகச் சொல்லும் நையாண்டிதான் முதலில் நெருப்பு வைக்கும். கடைசியில் நடுவர் ஒரு தரப்புக்குத் தீர்ப்புச் சொல்வார், மற்றத் தரப்பு அந்தத் தோல்வியை வீட்டுக்குச் சுமந்து போகும். மதம் சம்பந்தப்பட்ட விவாதத்தில் அது வேண்டவே வேண்டாம். 1924-இல் ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் ஸ்ரீநாராயண குரு சர்வமத சம்மேளனம் கூட்டியபோது, 'வாதிக்கவும் ஜெயிக்கவும் அல்ல, அறியவும் அறிவிக்கவும்' என்று எழுதிவைத்தார்கள். அதையே உங்கள் மேடைக்கு விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சாளர் நான்கு பேர், ஆளுக்கு 12 நிமிடம். அதில் முதல் இரண்டு நிமிடம், எதிர்த்தரப்பின் ஆகப் பலமான வாதத்தை அவர்கள் ஒப்புக்கொள்ளும்படி சொல்லிவிட்டுத்தான் தன் வாதத்துக்குப் போகவேண்டும். இந்த ஒரு விதி மேடையின் சூட்டைப் பாதியாகக் குறைத்துவிடும். நம்பிக்கையாளரும் நாத்திகரும் இருக்கட்டும், பெண்கள் இருவராவது இருக்கட்டும். மதத்துக்கு ஒருவர் என்று 'பிரதிநிதி' பிடிக்காதீர்கள், பிடித்தால் அவர் தன் கருத்தைப் பேசமாட்டார், சமுதாயத்தின் மானத்தைக் காக்கத்தான் பேசுவார். பிறகு அரை மணி நேரம் கேள்விகள். மைக்கைக் கூட்டத்துக்குள் அனுப்பவேண்டாம். துண்டுச்சீட்டில் எழுதி வாங்கித் தலைவர் வாசிக்கட்டும்.

தலைவருக்கு ஒரு எளிய சோதனை. பேச்சாளரின் வாக்கியத்தில் எழுவாய் எது? 'மதமாற்றத் தடைச் சட்டம் தேவையில்லை', 'இந்த வழக்கம் பெண்களுக்கு அநீதி', 'அந்த வசனத்தை நான் ஏற்கவில்லை' – இங்கே எழுவாய் சட்டமோ வழக்கமோ நூலோ பேசுகிறவரோ. பேச விடலாம். 'அவங்க எல்லாரும் காசுக்கு மாறினவங்க', 'அந்தச் சமுதாயமே இப்படித்தான்' – இங்கே எழுவாய் ஒரு கூட்டம் மனிதர்கள். உடனே மணி அடித்து, "ஆட்களைப் பற்றிய வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கருத்தைச் சொல்லுங்கள்" என்று அமைதியாகக் கேட்கவேண்டும். இரண்டாம் முறை நடந்தால் மைக்கை அணைத்துவிடலாம். இதை முன்கூட்டியே எழுதி எல்லாப் பேச்சாளரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பெயர் சொல்லி எந்தப் பூசாரியையும் போதகரையும் உஸ்தாதையும் இழுக்கக்கூடாது, அது அவதூறு வழக்குக்கு வழி.

மேடையில் சிலை, படம், நூல் எதையும் காட்டுப்பொருளாகக் கொண்டுவர வேண்டாம். 1953-இல் திருச்சியில் பெரியார் மண் பிள்ளையாரை உடைத்ததன்மேல் வந்த வழக்கில், மனு தள்ளுபடியானபோதும், ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதும் பொருளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1958-இல் சொல்லிவிட்டது. சொல்லுக்கு ஒரு சட்டம், பொருளுக்கு வேறு சட்டம்.

நாள் குறிக்கும்போது மண்டைக்காட்டுக் கொடை, தவக்காலத்தின் கடைசி வாரம், ரமலான் மாலைகளைத் தவிர்த்துவிடுங்கள். மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். வாசகசாலை அரங்குக்குள்ளேயே வையுங்கள், ரோட்டில் பந்தல் வேண்டாம். பத்து நாள் முன்னதாகக் காவல் நிலையத்தில் நாள், நேரம், இடம், தலைப்பு, பேச்சாளர் பெயர், வரக்கூடிய ஆள் எண்ணிக்கை எழுதிக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்குத் தனியாக எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். 'நடத்தாதீங்க' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் மறுத்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப் போடலாம். ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில் 1989-இலேயே உச்ச நீதிமன்றம், போராட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலைக் காட்டிப் பேச்சுரிமையை ஒடுக்க முடியாது, அதைக் காப்பது அரசின் கடமை என்று சொல்லியிருக்கிறது.

அந்தப் போன் அழைப்பை விடாதீர்கள். எண், தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் எழுதி இன்றைக்கே தனிப் புகாராகக் கொடுங்கள். மறுபடி வந்தால் பதிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் எதிர்த்துப் பேசவேண்டாம்.

நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் அதன் நகலோடு கோயில் கமிட்டி, பங்குப் பேரவை, சி.எஸ்.ஐ. சபைக் கமிட்டி, ஜமாஅத் எல்லாவற்றுக்கும் நேரில் போய்வாருங்கள். மூன்று மதத்து உறுப்பினரும் சேர்ந்தே போகவேண்டும். அனுமதி கேட்கப் போகவில்லை, தகவல் சொல்லி அழைக்கப் போகிறீர்கள். அதைத் தெளிவாகவே சொல்லிவிடுங்கள். கலவரத்தைப் பார்த்த அந்தப் பெரியவரைத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் பேசக் கூப்பிடுங்கள். 1982-இல் வதந்தி எப்படிப் பரவியது என்று அவரைப்போல் சொல்ல யாரால் முடியும்?

பதிவுக்கு இரண்டு போன் வையுங்கள், ஒன்று மேடையை நோக்கி, ஒன்று கூட்டத்தை நோக்கி. ஒரு விநாடியும் நிறுத்தக்கூடாது. இத்தகைய கூட்டங்களுக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் மறுநாள், 20 விநாடித் துண்டு வீடியோவாக. முன்னும் பின்னும் என்ன பேசினார் என்பதைக் காட்ட முழுப் பதிவு உங்களிடம் இருந்தாக வேண்டும். நேரலை வேண்டாம். மறுநாள் முழுதாகப் போடுங்கள். மூலக் கோப்பை வெட்டாமல் ஒரு பென் டிரைவில் தனியாக எடுத்து வையுங்கள்.

கடைசியாக வாட்ஸ்அப் குழு. உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அது நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும் எடுத்துக்காட்டலாம். நீங்களே ஒன்றை மேலனுப்பினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. விழாவுக்கு முந்திய நாளிலிருந்து மூன்று நாள், அட்மின் மட்டும் பதிவிடும்படி குழுவை மாற்றி வையுங்கள். அதையும் முதலிலேயே குழுவில் அறிவித்துவிடுங்கள்.