நிலாவில் ஜிபிஎஸ், ஏற்காடு வளைவில் நீலப் புள்ளி – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். போனில் மேப் போட்டுத்தான் ஏறினேன். பாதி மலை ஏறியதும் வண்டி ரோட்டில் இருக்கிறது, நீலப் புள்ளி மட்டும் பள்ளத்தில் நிற்கிறது. அன்றைக்குப் பார்த்து என் மகன், "நிலாவிலேயே ஜிபிஎஸ் பிடித்துவிட்டார்கள் அப்பா" என்கிறான். அடிவாரம் தாண்டினாலே டவர் கிடைக்காத சமாச்சாரம் நிலா வரை எப்படிப் போகும்? வாட்ஸ்அப் கதையா?

ஆர்.எம்., அஸ்தம்பட்டி

அன்புள்ள ஆர்.எம்.,

கதை இல்லை, மகன் சொன்னது சரி. 2025 மார்ச் 2 அன்று ப்ளூ கோஸ்ட் என்ற தனியார் விண்கலம் நிலாவில் மாரே கிரிசியம் சமவெளியில் இறங்கியது. அதில் நாசாவும் இத்தாலிய விண்வெளி அமைப்பும் சேர்ந்து செய்த லூக்ரே என்ற ரிசீவர் இருந்தது. மறுநாளே அது அமெரிக்காவின் ஜிபிஎஸ், ஐரோப்பாவின் கலிலியோ இரண்டின் சிக்னலையும் நிலாத் தரையிலிருந்து பிடித்துவிட்டது.

டவரை முதலில் விட்டுவிடுங்கள். டவர் உங்களுக்கு மேப் படத்தைக் கொண்டுவந்து தருகிறது, அவ்வளவுதான். நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்வது 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் (இனிமேல் சுருக்கமாகக் 'கோள்கள்'). அவை பூமியைப் பார்த்துத்தான் ஒளிபரப்புகின்றன, நிலாவுக்காக யாரும் எதையும் திருப்பி வைக்கவில்லை. ராத்திரி மலைப் பாதையில் பாறைக்கு அந்தப் பக்கம் லாரி வரும்போது, லாரி தெரிவதற்கு முன்பே பாறை ஓரத்தில் வெளிச்சம் கசியும் இல்லையா, அதே மாதிரி பூமிக்கு மறுபக்கம் இருக்கும் கோள்களின் சிக்னல் பூமியின் விளிம்பைத் தாண்டிக் கசிகிறது. தூரம் ஏறக்குறைய 20 மடங்கு, அதனால் பலம் 400-ல் ஒரு பங்கு, அதிலும் நிலாவில் கிடைப்பது பெரும்பாலும் ஓரத்துக் கசிவு. ஆனால் நல்ல ஆன்டெனாவும் பொறுமையான ரிசீவரும் இருந்தால் இதைச் சமாளித்துவிடலாம்.

உண்மையான தலைவலி வேறு, அது உங்கள் வளைவிலேயே இருக்கிறது. அஸ்தம்பட்டியில் வெட்டவெளியில் நின்றால் கோள்கள் நாலாபக்கமும் இருக்கும். வளைவில் மலை பாதி வானத்தை மறைத்துவிடுகிறது, மிஞ்சுவது பள்ளத்தாக்குப் பக்கத்துக் கோள்கள்தான், போதாக்குறைக்குப் பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் வேறு. நிலாவிலிருந்து பார்த்தாலோ எல்லாக் கோள்களும் பூமியைச் சுற்றி ஏறக்குறைய 9 டிகிரிக்குள் அடக்கம், கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் மொத்தமும் மறைந்துவிடும். சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் ரிசீவர் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. ஆனால் அதன் கடிகாரம் அணுக்கடிகாரம் கிடையாது, அதனால் குறைந்தது நான்கு கோள்களை வைத்து இடத்தையும் நேரத்தையும் ஒன்றாகக் கணக்குப் போட வேண்டும். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் கலம் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கிறதா, கடிகாரம் கொஞ்சம் பிசகியிருக்கிறதா என்று பிரித்துச் சொல்வது படாத பாடு. ஒரு மைக்ரோ செகண்ட் பிசகினால் 300 மீட்டர்!

அதனால் இதை மட்டும் நம்பி யாரும் நிலாவில் இறங்க மாட்டார்கள். 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 இறங்கியதுகூட கேமரா, உயரமானி, வேகம் அளக்கும் கருவி இவற்றை வைத்துத்தான். (இறங்கிப் பழக ஒத்திகை மண் செய்ய இஸ்ரோவுக்குக் கல் கொடுத்த சித்தம்பூண்டி, 1997-ல் நாமக்கல் பிரியும் வரை நம் சேலம் மாவட்டம். இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.)

அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்றால், வழிக்காகத்தான். இன்றைக்கு ஒரு கலம் எங்கே இருக்கிறது என்று பார்க்க பெங்களூரு பக்கம் பியாலாலுவில் இருக்கிற 32 மீட்டர் ஆன்டெனா மாதிரி பெரிய தட்டுகள் வேண்டும். உலகத்தில் அவை சிலதான், நிலாவுக்குக் கிளம்புகிறவர்களோ வருஷா வருஷம் கூடுகிறார்கள். போகிற வழியில் கலமே தன் இடத்தை ஓரளவு கணக்குப் போட்டுக்கொண்டால் அந்தத் தட்டுகளுக்குக் காத்திருக்கும் வரிசை குறையும். நிலாவின் மறுபக்கத்துக்கு மட்டும் இது உதவாது, அங்கே பூமியே தெரியாது. அதற்காகத்தான் நிலாவையே சுற்றும் கோள்களை அனுப்ப ஐரோப்பாவில் மூன்லைட் என்று ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை ஏற்காடு ஏறும்போது, எந்தக் கோள் எந்தத் திசையில் கிடைக்கிறது என்று காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், மலைப் பக்கம் காலியாகக் கிடக்கும். போனை மகனிடம் கொடுத்துவிட்டு நீங்கள் ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

அன்புடன்