பசுமை விமான நிலையமா? கணக்கைக் காட்டுங்கள்

கேள்வி: சென்னைக்கு இரண்டாவதாகத் திட்டமிட்டிருக்கும் பரந்தூர் விமான நிலையம் என்றதும் ஏரி போய்விடும், வயல் போய்விடும் என்று எழுதத் தொடங்கிவிடுகிறீர்கள். பெங்களூரு நம்மைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. சூரிய மின்சாரம், மழைநீர்ச் சேகரிப்பு எல்லாம் வைத்துப் பசுமை விமான நிலையமாகக் கட்டினால் வளர்ச்சி, சூழல் இரண்டும் கிடைக்காதா? டெல்லிக்கு நீங்கள் ரயிலிலா போகிறீர்கள்?
– வாசகர், தாம்பரம்

பதில்: விமானத்தில்தான் போகிறேன். பெங்களூரு பற்றி நீங்கள் சொல்வதும் சரி. 2024-25இல் அங்கே 4 கோடிக்கும் மேற்பட்ட பயணிகள். சென்னையில் சுமார் 2.2 கோடி. சென்னைக்கு இனி எந்த விரிவாக்கமும் கூடாது என்பது என் கட்சி அல்ல. 'பசுமை' என்று ஒரு பெயரை ஒட்டிவிட்டால் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்று நினைக்கிறார்களே, அங்கேதான் எனக்குத் தகராறு.

கொச்சி விமான நிலையம் 2015 முதல் சூரிய மின்சாரத்தில் இயங்குகிறது. நல்ல காரியம். ஆனால் அந்த மின்சாரம் எரிய வைப்பது விளக்கை. ஓட வைப்பது ஏசியையும் பெட்டி வரும் பெல்ட்டையும். விமானம் எரிபொருளில்தான் பறக்கிறது. கரியமில வாயுவின் பெரும் பகுதி அது ஓடுபாதையை விட்டு எழும்பிய பிறகு வெளியேறுகிறது. நாடு விட்டு நாடு பறக்கும் விமானங்களின் புகையோ எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேர்வதில்லை. மாற்று எரிபொருள் வருகிறதே என்பீர்கள். இந்தியாவின் இலக்கு 2027இல் 1 சதவீதம், 2030இல் 5 சதவீதக் கலப்பு. அதுவும் வெளிநாடு செல்லும் விமானங்களுக்கு மட்டும். பரந்தூரின் இலக்கு ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகள், அதாவது சென்னையின் இன்றைய எண்ணிக்கையைப் போல நாலரை மடங்கு. 5 சதவீதக் கலப்பு இதை ஈடுகட்டிவிடும் என்று சொல்பவர் எந்தக் கணக்கு வாத்தியார் கையிலும் சிக்காமல் இருப்பது நல்லது.

புகையை விடுங்கள், மழைக்கு வருவோம். பருவநிலை மாற்றம் என்றாலே 2070ஆம் ஆண்டு விவகாரம் என்று பலர் நினைக்கிறார்கள். மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டப்பட்டது. 2015 டிசம்பரில் ஆறு பெருகியபோது விமான நிலையமே நீரில் நின்றது. பல நாட்கள் மூடிக் கிடந்தது. அவசரத்துக்கு அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகளை ஏற்றி அனுப்பினார்கள். 2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயலன்று, மறுபடியும் ஓடுபாதையில் வெள்ளம், மறுபடியும் மூடல். இத்தனையும் பட்ட நகரம் அடுத்த விமான நிலையத்துக்கு எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது? 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நீர்நிலை என்று அரசின் கணக்கே சொல்லும் இடத்தை! அதன் குறுக்கே ஓடும் கம்பன் கால்வாய், பாலாற்று நீரை வழியிலுள்ள ஏரிகளுக்குக் கொடுத்துக்கொண்டே ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகிறது. கால்வாயைத் திருப்பிவிடலாம் என்கிறார்கள். வரைபடத்தில் திருப்பலாம். ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு ஓடாது. நீர்நிலைகளை ஆராய அரசே ஒரு குழு அமைத்ததே, அதன் அறிக்கையைத் தமிழில், ஒரு பக்கமும் விடாமல், ஏகனாபுரம் கிராம சபையில் வைத்துப் படிக்கட்டும். 2022 முதல் போராடி, 2024 மக்களவைத் தேர்தலையே புறக்கணித்த ஊர் அது. எந்த மதகு திறந்தால் தண்ணீர் எந்த வயலுக்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நடந்தது என்னவோ வேறு. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் விவாதமே இல்லாமல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால் உள்ளே கிடக்கும் ஏரி, ஓடைகளையும் சேர்த்து ஒப்படைக்க அது வழிசெய்கிறது. அதே நாளில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவை எதிர்ப்பு வலுத்ததும் திரும்பப் பெற்றார்கள். ஏரிகளுக்குத் தொழிற்சங்கம் இல்லை.

சரி, நெரிசலுக்கு வேறு வழி உண்டா? ஒரு பகுதிக்கு உண்டு. 2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் சென்னைக்கு வந்தபோது இரண்டைத் தொடங்கி வைத்தார். ஒன்று மீனம்பாக்கத்தின் புதிய முனையம். இன்னொன்று கோவை வந்தே பாரத் ரயில். முனையம் எத்தனை பயணிகளைக் கூடுதலாகத் தாங்கும் என்று எல்லோரும் பேசினார்கள். ரயில் எத்தனை விமானங்களை மிச்சப்படுத்தும் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற தடங்களில் உள்நாட்டு விமானத்தை பிரான்ஸ் 2023இல் தடை செய்தது. சிக்கியவை மூன்றே தடங்கள்தான், பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. நமக்குத் தடைகூட வேண்டாம். பெங்களூருக்கும் கோவைக்கும் கூடுதல் ரயில்களும் கூடுதல் வேகமும் போதும். பரந்தூர் சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். பெங்களூரு விமானத்தைப் பிடிக்க ஸ்ரீபெரும்புதூர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போய், நீங்கள் அங்கே பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும்போது, சென்ட்ரலில் கிளம்பிய வந்தே பாரத் காட்பாடியைத் தாண்டியிருக்கும்.