ஊர் வாழ்வுக்கு ஒரு சஞ்சிகை

கேள்வி: வீட்டுத்தோட்டம், கோழி, கிணறு, கூட்டெரு என்று ஊர் வாழ்க்கைக்கு வழிகாட்டும் காலாண்டுச் சஞ்சிகை ஒன்றைத் தொடங்குவது என் நெடுநாள் கனவு. முதல் இதழுக்குப் பணம் இருக்கிறது. எப்படித் தொடங்கலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அச்சகத்துக்குப் போவதற்கு முன்பு நான்கு இதழ்களுக்கான கட்டுரைகளைச் சேர்த்துவிடுங்கள். பெரும்போக விதைப்பு ஒக்டோபர் மழையோடு சூடுபிடிக்கும். அதற்கான இதழ் ஓகஸ்ட் கடைசியிலேயே கடைக்கு வந்தால்தான் விதை தேடவும் பாத்தி கட்டவும் அவகாசம் கிடைக்கும். சிறுபோக இதழை பெப்ரவரி முடிவில் கொண்டுவாருங்கள். வவுனியாவுக்குச் சரியான முறை நுவரெலியாவுக்குச் சரிவராது. ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பிலும் எந்தப் பகுதிக்கு என்று போடுங்கள்.

‘சருகும் சாணமும் போட்டுக் குவியுங்கள்’ என்று மட்டும் சொல்லும் கூட்டெருக் கட்டுரையைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். அளவோடு சொல்ல வேண்டும்: பச்சை இலையும் சாணமுமாக ஒரு கூடை என்றால் காய்ந்த சருகு இரண்டு, மூன்று கூடை. குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 1 மீற்றராவது இருக்க வேண்டும், சிறிதானால் சூடு தங்காது. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. அமோனியா நெடி மூக்கில் ஏறினால் சருகு போதவில்லை. அழுகல் நாற்றம் என்றால் ஈரம் கூடிக் காற்று அடைபட்டுவிட்டது. சருகு சேர்த்துக் கிளறிவிட வேண்டும். பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்பதுவரை எழுதச் சொல்லுங்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று நிறுத்தப்பட்டபோது விவசாயிகளுக்குத் தேவைப்பட்டது இந்த அளவு விவரம்தான்.

ஊரிலிருந்து வரும் படங்கள் பெரும்பாலும் வட்ஸ்அப்பில் சுருங்கித்தான் வரும். ஏ4 முழுப்பக்கப் படத்துக்கு 2480 × 3508 பிக்சல் வேண்டும். கோப்பாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரைகளை யுனிகோட்டுக்கு மாற்றியபின் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் படியுங்கள். பக்கம் வடிவமைக்கும்போது மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பும் எழுத்தும் இடம் மாறி நிற்கும்.

நடுவில் கம்பி அடிக்கும் இதழுக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். உள்ளே 48 பக்கம் ஒரு வண்ணம், அட்டை மட்டும் நான்கு வண்ணம் என்று தொடங்கலாம். நடுப்பக்கங்கள் வெளியே தள்ளி நின்று வெட்டில் போய்விடும் என்பதால் வெளி ஓரத்தில் 10 மில்லிமீற்றருக்குள் எழுத்து வைக்காதீர்கள். ஓரம்வரை போகும் படத்துக்கு 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடுங்கள்.

இனிக் கணக்கு. விலை 400 ரூபாய், கடைக்கழிவு 35 வீதம் என்று வையுங்கள்: பிரதிக்கு 260 ரூபாய் உங்கள் கைக்கு வரும். 1000 அடித்து 600 விற்றால் 156,000. அச்சுச் செலவு பிரதிக்கு 150 என்றால் 150,000 போய்விடும். மிஞ்சும் 6,000 ரூபாயில் வடிவமைப்பாளருக்கோ எழுதியவருக்கோ என்ன கொடுப்பீர்கள்? எனவே முதலில் சந்தாதாரரைச் சேர்த்து, அந்த எண்ணிக்கைக்கு மேல் கொஞ்சம் மட்டும் அடியுங்கள். தபாற்செலவைச் சந்தாவிலேயே சேர்த்துவிடுங்கள். ஓராண்டுக்கு மேல் சந்தா வாங்க வேண்டாம்: தாள் இறக்குமதிப் பொருள், 2022இல் தாள் தட்டுப்பாட்டால் சில நாளிதழ்களே அச்சுப் பதிப்பை நிறுத்த நேர்ந்தது.