கோசாய்குண்டத்துக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் நேபாளப் பயணக் குறிப்புகளில் கோசாய்குண்டம் ஏரியைப் பற்றிய பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து அம்மா ஒரே பிடியாக இருக்கிறார், ஆவணி அவிட்டப் பௌர்ணமியன்று அந்த ஏரியில் முழுக வேண்டும் என்று. வயது 63. சர்க்கரை கிடையாது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சதுரகிரியும் பர்வதமலையும் ஏறியவர். ஆடி அமாவாசைக்குத் திருவையாறு தவறாமல் போவார்.

ஒரு பயண ஏற்பாட்டாளர் திட்டம் கொடுத்திருக்கிறார். முதல் நாள் காத்மாண்டுவிலிருந்து ஜீப்பில் துஞ்சே. இரண்டாம் நாள் நடந்து சந்தன்பாரி. மூன்றாம் நாள் ஏரி, அங்கேயே இரவு தங்கி விடியற்காலையில் முழுக்கு. பிறகு கணவாயைக் கடந்து ஹெலம்பு வழியாகக் காத்மாண்டு. இது சரிதானா? அன்று முழு உபவாசம் இருப்பேன் என்கிறார் அம்மா. உயரத்துக்கென்று ஒரு மாத்திரை உண்டாமே, சாமியைப் பார்க்கப் போகும்போது அது எதற்கு என்கிறார். பாதி வழியில் திரும்பும்படி ஆகிவிட்டால் அது அபசகுனம் என்றும் பயப்படுகிறார். நான் என்ன சொல்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அம்மாவை அழைத்துப் போங்கள். இந்தத் திட்டத்தில் மட்டும் வேண்டாம்.

சதுரகிரியும் பர்வதமலையும் ஏறியவர் என்றால் காலுக்கும் மனதுக்கும் குறைவில்லை. ஆனால் கோசாய்குண்டத்தில் சோதனை காலுக்கு இல்லை. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். உங்கள் திட்டப்படி இரண்டாம் இரவே அம்மா அதைவிட 600 மீட்டருக்கும் மேலே, 3,330 மீட்டரில் இருக்கும் சந்தன்பாரியில் தூங்குகிறார். மூன்றாம் இரவு 4,380 மீட்டரில், ஏரிக்கரையில். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான்.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். அதற்கு நாள் வேண்டும். காற்று மெலிந்ததும் நாம் அறியாமலே அதிகமாக மூச்சு வாங்குகிறோம். கரியமில வாயு கூடுதலாக வெளியேற, ரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது. உடனே மூளை மூச்சைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறது. தூக்கத்தில்தான் இது நன்றாகத் தெரியும். மூச்சு சில நொடிகள் நின்றுபோய், ஒரு பெருமூச்சோடு ஆள் திடுக்கிட்டு விழித்துக்கொள்வார். சிறுநீரகங்கள் அந்தக் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிய பிறகுதான் மூச்சு சீராகும். 3,000 மீட்டருக்கு மேலே போனால் தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று மலை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். உங்கள் கையில் இருக்கும் திட்டம் முதல் தாவலில் 1,300 மீட்டர், அடுத்த தாவலில் 1,050 மீட்டர் ஏற்றுகிறது.

இந்த ஏரியிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நேபாள மருத்துவர் புத்த பஸ்ன்யாத்தும் அவருடைய சகாக்களும் ஏரிக்கரைக்கு வந்த யாத்ரீகர்களைப் பரிசோதித்து 2000-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்றில் இருவருக்கு உயர நோய் இருந்தது. ஏறக்குறைய பத்தில் மூவருக்கு அது மூளை வீக்கம் வரை போயிருந்தது. மலையேற்றத்துக்கென்றே வருகிறவர்களிடம் இவ்வளவு மோசமாக இருப்பதில்லை. அவர்கள் நாள் கணக்குப் பார்த்து ஏறுகிறார்கள். யாத்ரீகருக்கோ திதி குறித்தாகிவிட்டது. வயிற்றில் ஒன்றுமில்லாமல், தலைவலியை யாரிடமும் சொல்லாமல், சாமி பார்த்துக்கொள்வார் என்று நடந்துகொண்டே இருக்கிறார். ஆவணிப் பௌர்ணமியை நேபாளத்தில் ஜனை பூர்ணிமா என்பார்கள்; அப்போது ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவர்கள் ஏரிக்கரையில் தற்காலிக முகாம் போடுவதும் இதற்காகத்தான். 1973-ல் தொடங்கிய அமைப்பு அது. திருவிழாவுக்கே போவதென்றால், முகாம் எங்கே என்பதைப் போனதும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வந்தால் அதற்கு மேலே ஏறாமல் அதே இடத்தில் தங்க வேண்டும். குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ராத்திரியானாலும் அப்போதே இறங்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து, நேர்கோட்டில் பத்துப் பன்னிரண்டு அடி நடக்கச் சொல்லுங்கள். களைத்தவர் நடந்துவிடுவார். மூளை வீங்கத் தொடங்கியவரால் முடியாது.

நான் போனது ஐப்பசியில், கூட்டமில்லாத நாட்களில். ஏரிக்கு முந்தைய தங்குமிடமான லௌரிபினாவில் ஒரு விடுதித் திண்ணையில் ஒரு பெரியவர் தன் ஷூவின் நாடாவைக் கட்ட முயன்றுகொண்டே இருந்தார். விரல்கள் நாடாவைப் பிடிக்கவே இல்லை. அசதிதான், ஏரி இதோ பக்கத்தில்தானே என்று கூட வந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடுதி நடத்திய, அந்த மலைப்பகுதியின் தமாங் இனப் பெண்மணி அவர் முகத்தைப் பார்த்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சுமைதூக்குபவர் ஒருவரைக் கூப்பிட்டு, நெற்றிப்பட்டை மாட்டித் தூக்கும் டோக்கோக் கூடையில் பெரியவரை உட்கார வைத்து, அந்திக்குள் கீழே அனுப்பிவிட்டார். சந்தன்பாரியில் அவர் எழுந்து உட்கார்ந்து சோறு சாப்பிட்டதாக மறுநாள் மேலே வந்தவர்கள் சொன்னார்கள். அந்தப் பெண்மணியின் உறுதி பயண ஏற்பாடு செய்கிறவர்கள் எல்லாருக்கும் வேண்டும்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். அசெட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்று கேட்பார்கள். சிறுநீரகம் சில நாள் எடுத்துச் செய்யும் வேலையை அது சீக்கிரமாகச் செய்ய வைக்கிறது, அவ்வளவுதான். வலியை மறைக்கும் மாத்திரை அல்ல. அம்மாவிடம் இதை இப்படியே விளக்கிச் சொல்லுங்கள். தினமும் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுத்தானே கோயிலுக்குப் போகிறார்? ஆனால் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையின் சீட்டையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். சில வகைகள் இதயத் துடிப்பு கூடவிடாமல் பிடித்து வைப்பவை, உயரத்தில் அது சிரமம். மாத்திரை போட்டுக்கொண்டோம் என்பதற்காக வேகமாக ஏறிவிடவும் கூடாது. உபவாசம் வேண்டுமென்றால் பாலும் பழமும் வெந்நீரும் எடுத்துக்கொள்ளும் விரதமாக இருக்கட்டும். நம் விரத முறைகளிலேயே அதற்கு இடம் உண்டு.

அப்புறம், திரும்பி வருவது அபசகுனமா என்ற பயம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

அம்மா ஆண்டுதோறும் திருவையாற்றில் எதைப் பார்க்கப் போகிறார்? அப்பருக்குக் கிடைத்த கயிலைக் காட்சியை. கயிலையைக் காண வடக்கே நடந்த அப்பருக்குப் பாதம் தேய்ந்தது. கையால் ஊர்ந்தார், மார்பால் நகர்ந்தார், கடைசியில் அசையவும் முடியாமல் கிடந்தார். அப்போது முனிவராக வந்து வழியை மறித்து, மானிடர் போகும் இடம் அல்ல, திரும்பிப் போ என்று சொன்னது யார்? சிவனேதான். அழியப்போகும் இந்த உடம்போடு திரும்ப மாட்டேன் என்கிறார் அப்பர். சிவன் அந்த வைராக்கியத்தை மெச்சுகிறார், ஆனால் மேலே ஏற விடவில்லை. தேய்ந்த உடம்பைச் சரிசெய்து, அங்கே இருந்த பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றுக்குத் திருப்பி அனுப்புகிறார். அங்கே குளத்திலிருந்து எழுந்தவர் பிடியோடு வரும் களிற்றிலும், துணையோடு வரும் பறவைகளிலும் அம்மையப்பனைக் கண்டார். நம் மரபில் இமயத்துக்குப் போன பக்தர்களில் முதன்மையானவர் பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டவர். அதைத்தான் ஆடி அமாவாசையில் திருவிழாவாகக் கொண்டாடுகிறோம். இதைவிடப் பெரிய சான்று அம்மாவுக்கு வேறெங்கும் கிடைக்காது. நீங்கள் சொல்வதைவிட இதை அவரே யோசித்துச் சொல்லும்படி விடுங்கள்.

நேபாளிகளும் கிட்டத்தட்ட இதையே நம்புகிறார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி தந்த விஷயம். ஆலகாலம் உண்டு தொண்டை எரிந்த நீலகண்டன் இந்த மலைக்கு வந்து சூலத்தால் குத்த, மூன்று ஊற்றுகள் பொங்கி ஏரியானது என்பது தலபுராணம். இங்கிருந்து இறங்கும் ஆற்றின் பெயரே திரிசூலி. அந்த ஏரியின் நீர் பூமிக்கடியில் ஓடி, காத்மாண்டுவை அடுத்த பாட்டன் நகரில் கும்பேஸ்வர் கோயில் குளத்தில் வந்து சேர்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. 1392-ல் எழுந்து, பின்னால் ஐந்தடுக்காக உயர்ந்த கோயில் அது. ஜனை பூர்ணிமாவன்று குளத்தின் நடுவே லிங்கத்தை எழுந்தருளச் செய்வார்கள். மலையேற முடியாதவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து அங்கே நீராடுகிறார்கள், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். யாரும் அவர்களைக் குறைவான பக்தர்களாக நினைப்பதில்லை.

ஆகவே என் யோசனை இது. ஆவணிப் பௌர்ணமிதான் வேண்டும் என்றால் அன்று பாட்டனில் இருங்கள். ஏரிக்கு ஐப்பசியில் போங்கள். ஆவணியில் அங்கே மழைக்காலம். பாதையில் அட்டை, சாலையில் மண்சரிவு, நாள் முழுக்க மூட்டம், விடுதிகளில் படுக்க இடமில்லாத கூட்டம். தமாங் பூசாரிகள் பறை கொட்டி ஆடிக்கொண்டு ஏரிக்கு ஏறிவருவதைப் பார்க்க முடியும் என்பது உண்மை, அதற்கு ஈடு கிடையாது. ஆனால் 63 வயதில், ரத்த அழுத்தத்தோடு, முதல் முறையாக இவ்வளவு உயரத்துக்குப் போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஐப்பசியில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். லௌரிபினாவில் காலையில் கதவைத் திறந்தால் லாங்டாங் லிருங், கணேஷ் ஹிமால், தூரத்தில் மனாஸ்லு என்று வரிசையாக நிற்கும்.

நாட்களை இப்படிப் பிரியுங்கள். துஞ்சேயில் ஓர் இரவு. அடுத்து தேவ்ராலியில், சுமார் 2,600 மீட்டரில், ஓர் இரவு. சந்தன்பாரியில் இரண்டு இரவு. இடையில் கிடைக்கும் ஓய்வு நாளில் அங்கிருக்கும் மடாலயத்தையும் பாலாடைக்கட்டி செய்யும் இடத்தையும் பார்த்துவிட்டு, காட்டுக்குள் கொஞ்ச தூரம் ஏறி இறங்கலாம். பிறகு சோலாங்பதியில் ஓர் இரவு, லௌரிபினாவில், 3,900 மீட்டரில், ஓர் இரவு. மறுநாள் விடிந்ததும் ஏரிக்குக் கிளம்புங்கள். கடைசிப் பகுதி மலைச்சரிவில் வெட்டிய ஒடுங்கிய பாதை. கீழே சரஸ்வதி குண்டம் தெரியும், அடுத்து பைரவ குண்டம், அதற்கப்புறம்தான் கோசாய்குண்டம். ஏரிக்குள் தெரியும் பாறையைப் படுத்திருக்கும் சிவன் என்று காட்டுவார்கள். தரிசனம் முடிந்ததும் அன்றே லௌரிபினாவுக்கு இறங்கித் தூங்குங்கள். ஏரிக்கரையில் இரவு தங்குவதைத் தவிர்த்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

முழுக்கு விடியற்காலையில் வேண்டாம். வெயில் நீரில் விழுந்த பிறகு இறங்கட்டும். குளிர் எலும்புக்குள் போகும் நீர் அது. ஈரப் புடவையோடு அந்தக் காற்றில் நின்று பூஜை செய்வதில்தான் உடம்பு சட்டென்று குளிர்ந்துபோகும். உலர்ந்த கம்பளி உடை, தலைக்குத் தொப்பி, ஃபிளாஸ்க்கில் சூடான தேநீர் எல்லாம் கரையிலேயே தயாராக இருக்க வேண்டும். நடுங்க ஆரம்பித்தால் மூன்று முழுக்கு என்ற கணக்கை விட்டுவிடுங்கள். தலையில் தெளித்துக்கொண்டாலும் தீர்த்தம்தான்.

ஹெலம்பு வழி வேண்டாம். அதற்கு 4,610 மீட்டரில் இருக்கும் லௌரிபினா கணவாயைத் தாண்ட வேண்டும். தாண்டிவிட்டால் பெரிய ஊரோ சாலையோ அருகில் இல்லாத நீண்ட இறக்கம். யாருக்காவது முடியாமல் போனால் சீக்கிரம் கீழே கொண்டுபோக வழியில்லை. வந்த வழியே துஞ்சேக்கு இறங்குவதென்றால் ஒவ்வொரு மணி நேரமும் உயரம் குறைந்துகொண்டே வரும். ஏற்பாட்டாளரிடம் இந்த நாள்கணக்கைக் கொடுத்து, கூடுதலாக ஒரு நாளும் கேட்டு வாங்குங்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் கூட ஒருவர் இறங்குவாரா, அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்களா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஐப்பசிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.