திங்கள் முதல் வெள்ளி வரை: ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையிடம் கேள்வி பதில்

ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புகளையும் மாறி மாறி 31 ஆண்டுகள் எடுத்தவள் நான். ஒரு வாரத்தில் வகுப்பறைக்குள் நடக்கும் கற்றலைப் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும்:

டீச்சர், திங்கட்கிழமை நடத்துனதை வெள்ளிக்கிழமை கேட்டா பாதிப் பேருக்கு மேல முழிக்கிறாங்க. நான் நடத்துறதுல தப்பா? (புதிதாகச் சேர்ந்த ஆசிரியை)

நடத்தியதில் தப்பு இருக்க வேண்டியதில்லை அம்மா. நடுவில் மூன்று நாள் அதை யாரும் தொடவில்லை, அதுதான் காரணம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போகிறது, பிறகுதான் மெதுவாகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கும் என்பதும் அவர் கண்டதே.

ஆகவே செவ்வாய் காலை முதல் ஐந்து நிமிடம் நேற்றைய பாடத்தில் மூன்று கேள்வி. வியாழன் அன்று திங்கட்கிழமைப் பாடத்தில் இரண்டு. மதிப்பெண் வேண்டாம். ஆனால் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். திறந்த புத்தகத்தைப் பார்த்துச் சொன்னால் அது வாசிப்பு, நினைவு ஆகாது.

மூணாவது படிக்கிற பையன் 52லேர்ந்து 27 போனா 35ன்னு எழுதுறான். கவனமே இல்லை. (ஒரு தந்தை)

கவனம் இருக்கிறது. 81இலிருந்து 46ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள், 45 என்று எழுதுவான். மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்க்காமல் ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிக்கிறான். ஒற்றை இலக்கக் கணக்கில் ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழி’ என்று நாம் சொன்னதைத்தான் உண்மையாகக் கடைப்பிடிக்கிறான். திட்டினால் விதி மாறாது.

52 குச்சிகளைக் கொடுங்கள். பத்துப் பத்தாகக் கட்டினால் 5 கட்டு, 2 உதிரி. இதிலிருந்து 27 எடு என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். 2 உதிரியில் 7 எடுக்க முடியாமல் அவனே ஒரு கட்டைப் பிரிப்பான். இப்போது 4 கட்டு, 12 உதிரி. மிச்சம் 25. திங்களும் செவ்வாயும் குச்சி, புதன் படம், வியாழன்தான் எண். ‘கடன் வாங்குதல்’ என்று நான் சொல்வதில்லை, ‘கட்டைப் பிரித்தல்’ என்பேன். ‘கடன்னா திருப்பிக் கொடுக்க வேண்டாமா டீச்சர்?’ என்று ஒரு சிறுமி கேட்ட நாளில் மாற்றிக்கொண்டேன்.

கையெழுத்து அழகாக வர என்ன செய்யலாம்?

பென்சிலை அழுத்திப் பிடிக்கிறதா என்று பாருங்கள். நாளுக்கு நான்கு வரி, நிதானமாக. பக்கம் பக்கமாக எழுதவைத்தால் கடைசிப் பக்கத்தின் கோணல்தான் பழகும்.

என் வகுப்பில் எப்போதும் அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள்.

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தார். ஆசிரியர்கள் காத்திருந்தது ஏறக்குறைய ஒரு விநாடி. மூன்று விநாடி காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். முதல் வாரம் அந்த அமைதி உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

16ஆம் வாய்ப்பாடு வரை பாடிப் பாடியே படித்தோம் அம்மா. இப்போது குச்சி, படம் என்று நேரம் போகிறது. (ஓய்வுபெற்ற பெரியவர்)

பாட்டில் தவறில்லை ஐயா. ஆனால் பாடியே படித்த பிள்ளையிடம் ‘ஏழெட்டு எவ்வளவு?’ என்று கேளுங்கள். ஓரேழு ஏழிலிருந்து உதடு அசைய ஆரம்பிக்கும்.

மனப்பாடமே வேண்டாம், புரிந்தால் போதும் என்று தெளிவாகச் சொல்லுங்களேன்! (ஒரு தாய்)

சொல்ல மாட்டேன். நீள்வகுத்தல் போடும்போது ஒவ்வொரு படியிலும் ஏழெட்டைக் கூட்டிக் கூட்டிக் கண்டுபிடிக்கும் குழந்தை எந்தப் படியில் நிற்கிறோம் என்பதையே மறந்துவிடும். புரிந்தபின் மனதில் இருக்கத்தான் வேண்டும். எவ்வளவு என்பதைப் பார்ப்போம். 10 வரை 100 பெருக்கல். 7×8உம் 8×7உம் ஒன்று என்று வரிசையாகப் புள்ளி வைத்துக் காட்டிவிட்டால் 55. ஒன்று, பத்து வாய்ப்பாடுகளை நீக்கினால் 36. இரண்டும் ஐந்தும் தானாக வந்துவிடும். மிச்சம் 21தான். வாரத்துக்கு ஏழு, மூன்று வாரம்.

அப்படியென்றால் நான் சொன்னதுதானே? (அதே பெரியவர்)

பாதி, ஐயா. பாட்டுக்கு முன்னால் புள்ளி, பாட்டுக்குப் பின்னால் வரிசை மாற்றிக் கேட்பது. இரண்டும் இருந்தால் நீங்களே வந்து பாடவையுங்கள். அந்த அம்மாவும் வரட்டும். (இதைப் பற்றி இன்னும் ஒன்பது கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் பதில் இதுவே.)

கையெழுத்துக்கு ஏதாவது...

மேலே சொல்லிவிட்டேன்.

சொல்வதை எழுதுதலில் ‘கொடி’ என்றால் ‘கெடி’ என்று எழுதுகிறாள். பத்து முறை எழுதச் சொல்லவா?

வேண்டாம். மூன்றாம் முறைக்குமேல் கை மட்டும் எழுதும். காதில் முதலில் விழுவது ‘க்’, கை முதலில் எழுத வேண்டியது கொம்பு. அதோடு பின்னால் ஒரு காலும் வேண்டும். கெ, கே, கொ, கோ நான்கையும் அட்டையில் எழுதி, நீங்கள் ஒலிக்க அவள் எடுக்கட்டும். பிறகு சொல்லைப் பார்க்கட்டும், மூடட்டும், எழுதட்டும், திறந்து ஒப்பிடட்டும். மூடுவதை விட்டுவிடாதீர்கள்.

கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறாள். சோம்பலா?

கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வாரமே.

கையெழுத்து...

நான்கு வரி. நிதானமாக.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் என்ன செய்யலாம் டீச்சர்?

ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுங்கள். இந்த வாரம் புரியாத ஒன்றை எழுதவோ வரையவோ சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். அவற்றை வாசித்த பிறகுதான் நான் திங்கட்கிழமைப் பாடக்குறிப்பை எழுத உட்காருவேன்.