பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும் முதலாளி: நேரில் போகாதீர்கள்

சகோ, உங்கள் அமைப்பைத் தேடி வந்த அந்த அம்மாவின் பாஸ்போர்ட் முதலாளியிடம், 14 வயது மகளும் அதே வீட்டில் சம்பளமில்லாமல் பாத்திரம் தேய்க்கிறாள், நாளைக்கே நேரில் போய்க் கேட்கலாமா என்கிறீர்கள். வேண்டாம். நீங்கள் சத்தம் போட்டுவிட்டு வந்துவிடுவீர்கள். ராத்திரி அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கப்போவது அவர்கள்தான்.

முதலில் அந்த அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். மொழிபெயர்க்க மகளை உட்கார வைக்காதீர்கள். பிள்ளை முன்னால் எந்தத் தாயும் முழுசாகச் சொல்ல மாட்டாள். வேலைக்கு அழைத்து வந்த ஏஜென்ட்டுக்குக் கடன் பாக்கி உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் முடிச்சு அங்கேதான்.

"ஒத்துக்கொண்டுதானே வந்தார்கள்" என்பார்கள். ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு ஆள்கடத்தல் நெறிமுறையில் 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதம் செல்லவே செல்லாது. அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாக ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) சொல்கிறது.

பிறகு சட்ட உதவி வக்கீல், குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி. தாயும் மகளும் சேர்ந்து தங்க இடம் உறுதியான பிறகே புகார். பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பல அம்மாக்கள் வாயே திறப்பதில்லை.

அவர்களைப் போட்டோ எடுத்துப் பகிரப்போவதாக எழுதியிருந்தீர்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.